திறந்த பூங்காவில் டிஸ்க் கோல்ஃப்: முதல் டீயிலிருந்து கடைசிக் கூடை வரை

பொதுப் பூங்காவில் அமைந்த எளிய டிஸ்க் கோல்ஃப் களத்தை முதன்முறை பார்ப்பவருக்கு, இதில் கடினம் என்று என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். பரந்த புல்வெளி, ஆங்காங்கே சில மரங்கள், ஒரு நடைபாதை, அவற்றிற்கிடையே சங்கிலி தொங்கும் ஒன்பது இரும்புக் கூடைகள். எறியத் தொடங்கும் இடமான டீயில் நின்றாலே கூடை கண்ணுக்கு நேரே தெரிகிறது. இடையில் மறிக்க எதுவும் இல்லை. அந்தத் தெளிவை நம்பி முழு பலத்தோடு எறிந்து, வட்டு மேலெழும்பி இடப்பக்கம் சரிந்து எங்கோ போய் விழுவதைப் பார்ப்பதுதான் பெரும்பாலோரின் முதல் அனுபவம். என்னுடைய முதல் எறிதலும் அப்படித்தான் போயிற்று. மரங்கள் மறிக்காத களத்தில் காற்றும், தொலைவைத் தவறாகக் கணிக்கும் நம் கண்ணும், வலுவாக எறிய வேண்டும் என்ற நம் அவசரமுமே எதிரில் நிற்கின்றன. இம்மூன்றையும் கையாளும் முறையை, ஓர் ஆட்டம் நடக்கும் வரிசையிலேயே இங்கு விளக்குகிறேன்.

ஆட்டம் என்பது என்ன

டீ எனப்படும் தொடக்க இடத்திலிருந்து வட்டை எறிந்து, அது விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிந்து, கூடையில் சேரும் வரை எத்தனை எறிதல்கள் ஆயின என்று எண்ணுகிறோம்; எண்ணிக்கை குறைந்தவர் வெல்கிறார். ஒரு டீயும் அதற்குரிய கூடையும் சேர்ந்தது ஒரு ஹோல். தரையில் குழி எதுவும் இல்லை என்றாலும் கோல்ஃபிலிருந்து வந்த அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. களங்களில் பெரும்பாலும் 9 அல்லது 18 ஹோல்கள் இருக்கும்.

ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக், 1975-இல் கலிஃபோர்னியாவில் லா கன்யாடா ஃபிளின்ட்ரிட்ஜ் என்ற ஊரின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். தொடக்கத்தில் அங்கு கம்பங்களே இலக்குகளாக இருந்தன. வட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்பதில் ஐயம் எழ இடமிருந்ததால், பறந்து வரும் வட்டைத் தடுத்துத் தன்னுள் விழச் செய்யும் சங்கிலிக் கூடையை அவர் உருவாக்கினார். இன்று நாம் காணும் கூடை அதன் வழிவந்ததே. இந்த ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் பிடிஜிஏ என்ற சங்கம் 1976-இல் தோன்றியது.

எதை எடுத்துச் செல்வது

முதல் ஆட்டத்திற்குப் புட்டர் என்ற வகை வட்டு ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து. மிகுதியாகப் போனால் ஒரு புட்டரும் ஒரு மிட்ரேஞ்சும். டிஸ்க் கோல்ஃப் வட்டுகள் பிடித்து விளையாடும் ஃபிரிஸ்பீயை விடச் சிறியவை, விட்டம் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். எடை அதே அளவாகவோ சற்றே குறைவாகவோ இருந்தாலும், விளிம்பு கனமாகவும் கூர்மையாகவும் அமைந்திருப்பதால் காற்றைக் கிழித்துச் செல்கின்றன. அவற்றுள் விளிம்பு மழுங்கலாக இருப்பது புட்டர், சற்றுக் கூராக இருப்பது மிட்ரேஞ்ச், அகன்று மிகக் கூராக இருப்பது டிரைவர். டிரைவர் தொலைவுக்கென்று செய்யப்பட்டது என்று கேட்டதும் அதையே வாங்கத் தோன்றும். ஆனால் அது நேராகப் பறப்பதற்குத் தேவையான வேகத்தைப் பழகாத கை தருவதில்லை. ஆகவே எறிந்த கணத்திலேயே இடப்பக்கம் சரிந்து, புட்டர் போகும் தொலைவைக்கூட எட்டாமல் விழுந்துவிடுகிறது.

பல வட்டுகளின் மேல் நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் வேகம். வட்டு தனக்குரிய முறையில் பறக்க எவ்வளவு வேகமாக எறியப்பட வேண்டும் என்பதை அது சொல்கிறது. இரண்டாவது எண் மிதக்கும் திறன். மூன்றாவது, வேகமாகப் பறக்கும்போது வலப்பக்கம் திரும்பும் இயல்பு. நான்காவது, வேகம் குறைந்த பின் இடப்பக்கம் சரியும் இயல்பு. தொடக்கத்தில் முதல் எண் 5-க்கு மேற்படாமலும், நான்காவது எண் 0 அல்லது 1 ஆகவும் உள்ள வட்டைத் தேர்ந்தால் போதும். எடை 150 முதல் 165 கிராமுக்குள் இருந்தால் கைக்கு இலகுவாக இருக்கும். நிறத்தையும் அலட்சியம் செய்ய வேண்டாம்: பச்சை வட்டு புல்லிலும் பழுப்பு வட்டு சருகிலும் மறைந்துபோகும், அடர் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் தொலைவிலிருந்தே தெரியும்.

இவற்றோடு ஒரு சிறு துண்டு, தண்ணீர், வழுக்காத காலணி, எண்ணிக்கை குறிக்க ஒரு தாளோ செல்பேசியோ இருந்தால் ஏற்பாடு முடிந்தது. வட்டின் அடிப்புறத்தில் உங்கள் தொடர்பு எண்ணை எழுதிவையுங்கள். தவறிய வட்டுகள் திரும்பி வருவது பெரும்பாலும் அதனால்தான்.

முதல் டீக்கு முன்

களத்தின் முகப்பில் வரைபடப் பலகை இருந்தால், அதைப் படித்து ஹோல்களின் வரிசையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். திறந்த பூங்காவில் எல்லாக் கூடைகளும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதால், மூன்றாவது டீயில் நின்று ஐந்தாவது கூடையை நோக்கி எறிந்துவிடும் தவறு எளிதில் நேரும். அதன் பின் தோளையும் இடுப்பையும் சில நிமிடங்கள் தளர்த்தி, பாதி பலத்தில் நான்கைந்து முறை எறிந்து பாருங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று, பூங்காவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கவனிப்பது. நடப்பவர்கள், குழந்தைகள், புல்லில் அமர்ந்திருப்பவர்கள் ஆகியோருக்கு இங்கே ஓர் ஆட்டம் நடக்கிறது என்பதே தெரியாமல் இருக்கலாம். 160 கிராம் எடையுள்ள கூர்விளிம்பு வட்டு தலையில் பட்டால் கடுமையான காயம் ஏற்படும். எனவே வட்டு சென்றடையக்கூடிய எல்லைக்குள் ஒருவரேனும் இருந்தால் எறியக் கூடாது. நீங்கள் குறிவைக்கும் இடத்தை மட்டும் பார்க்காமல், தவறினால் எங்கே போகும் என்ற இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் விலகட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருப்பதோ, அந்த ஹோலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதோ முறையான செயலே. எறிந்த பின் வட்டு யாரையேனும் நோக்கிப் போனால் “ஃபோர்!” என்று உரக்கக் கத்த வேண்டும். அந்தச் சொல் அவருக்குப் பழக்கமில்லாமல் இருக்கும் என்று தோன்றினால், அவருக்குப் புரியும் மொழியில் கத்துங்கள்.

டீயில் நின்று சிந்திக்க வேண்டியவை

இத்தகைய களங்களில் ஒரு ஹோலின் நீளம் பொதுவாக 50 முதல் 90 மீட்டர் வரை இருக்கும். பழகாத கை பெரும்பாலும் 40 முதல் 60 மீட்டர் வரை எறியும். ஆகவே பல ஹோல்களில் முதல் எறிதலிலேயே கூடையை எட்ட முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, இரண்டாவது எறிதலுக்கு வசதியான இடத்தை முதல் எறிதலின் இலக்காகக் கொள்ளுங்கள். 80 மீட்டர் ஹோலில் 60 மீட்டரை முயன்று வளைவாக எங்கோ விழுவதைவிட, 45 மீட்டர் நேராகப் போய் நடுவில் விழுவது நல்லது. எஞ்சிய 35 மீட்டரை அமைதியாக எறிந்து கூடையருகே சேர்க்கலாம்.

திறந்த வெளியில் கண் ஏமாறும். இடையில் மரமோ சுவரோ இல்லாதபோது கூடை உண்மையை விட அருகில் இருப்பதாகத் தோன்றும். பலகையில் தொலைவு குறிப்பிடப்படாவிட்டால், முதல் ஆட்டத்தில் ஒவ்வொரு ஹோலையும் நடந்தபடி அடிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு அடி நடைக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் என்று கணக்கு வைத்தால் போதும். அடுத்த முறை வரும்போது அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

எந்தப் பக்கம் தவறினால் இழப்பு குறைவு என்பதையும் டீயிலேயே தீர்மானியுங்கள். இடப்பக்கம் நடைபாதையும் வலப்பக்கம் வெறும் புல்வெளியும் இருந்தால், கூடைக்குச் சற்று வலப்புறம் குறிவையுங்கள்.

எறியும் முறை

இங்கு கூறுவது வலக்கைப் பழக்கமுள்ளவர் பேக்ஹேண்ட் முறையில், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கைப் பக்கமாக வீசி எறியும் முறைக்கானது. இடக்கையர் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். உள்ளங்கைப் பக்கமாக வீசும் ஃபோர்ஹேண்டிலும் வட்டு எதிர்த்திசையில் சுழல்வதால் வளைவுகள் மாறிவிடும்.

கட்டைவிரலை வட்டின் மேல் வைத்து, மற்ற விரல்களை விளிம்பின் உட்புறத்தில் மடக்கிப் பிடியுங்கள். வலத்தோள் கூடையை நோக்க, பக்கவாட்டில் நில்லுங்கள். கால்கள் தோளகலம் விரிந்திருக்கட்டும். முழங்கால் சற்றே மடங்கியிருக்க, எடையைப் பின்காலுக்கு மாற்றியபடி கையைப் பின்னே நீட்டுங்கள். அப்போது இடுப்பும் தோளும் சேர்ந்து திரும்ப வேண்டும். பிறகு எடையை முன்காலுக்குக் கொண்டுவந்து, இடுப்பு முதலில் திரும்ப, தோள் அதைத் தொடர, வட்டை மார்பை ஒட்டி ஒரே நேர்கோட்டில் இழுத்து விடுங்கள். கை உடலைச் சுற்றி வட்டமாக வந்தால், வட்டு எந்தக் கணத்தில் விடுபடும் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. ஓடிவந்து எறிவதைச் சில வாரங்கள் ஒத்திவையுங்கள். நின்ற இடத்திலிருந்து எறிந்து பழகியவரின் எறிதலே பின்னர் ஓட்டத்தோடும் சீராக அமைகிறது.

தொடக்கநிலையினரின் எறிதலைக் கெடுப்பவற்றுள் மிகப் பெரியது, வட்டின் முன்விளிம்பு மேல்நோக்கி இருப்பது. நெடுந்தொலைவு போக வேண்டும் என்ற விருப்பத்தில் நாம் அறியாமலே வட்டை மேலே தூக்கி எறிகிறோம். முன்விளிம்பு தூக்கிய வட்டு படகின் பாய் போலக் காற்றை வாங்கிக்கொண்டு ஏறி, வேகம் முழுவதையும் இழந்து, இடப்பக்கம் சரிந்து விழுகிறது. இதற்குப் பரிகாரம் எளியது: எறியும்போது மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்காமல், தண்ணீர்க் குவளையிலிருந்து சற்றே நீரைச் சாய்ப்பது போல இலேசாகக் கீழ்நோக்கி வையுங்கள், கண் மட்டத்திற்கு அதிகம் மேலே போகாத தாழ்ந்த எறிதலையே விரும்புங்கள். திறந்த களத்தில் தாழ்ந்து பறக்கும் வட்டு காற்றின் பிடியிலிருந்தும் பெருமளவு தப்புகிறது.

வட்டு ஏன் வளைகிறது

நேராக எறிந்தும் வட்டு கடைசியில் இடப்பக்கம் சரிவது உங்கள் பிழையன்று. அது சுழற்சியின் இயல்பு. வலக்கைப் பேக்ஹேண்டில் வட்டு, மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. வேகம் குறையும்போது காற்றின் தூக்குவிசை வட்டின் முன்பாதிக்கு நகர்ந்து முன்விளிம்பைத் தூக்க முனைகிறது. ஆனால் சுழலும் பொருளில் அந்த விளைவு, சுழற்சித் திசையில் கால்வட்டம் தள்ளியே வெளிப்படும். எனவே முன்பக்கம் தூக்கப்படுவதற்குப் பதிலாக வலப்பக்கம் உயர்ந்து வட்டு இடப்பக்கம் சாய்கிறது. வேகம் மிகுந்த தொடக்கப் பகுதியில் இதற்கு எதிரானது நிகழ்ந்து, சில வட்டுகள் சற்றே வலப்பக்கம் திரும்புகின்றன. இதைப் புரிந்துகொண்டவர், கூடைக்கு நேரே குறிவைக்காமல், சரிவுக்கு இடம்விட்டுச் சற்று வலப்புறம் குறிவைப்பார்.

வட்டின் இடவிளிம்பைத் தாழ்த்திச் சாய்வாக எறிவது ஹைசர். அது வலப்பக்கமாகப் போய் இடப்பக்கம் வளைந்து வரும், எதிர்பார்த்தபடியே போகும். இடவிளிம்பை உயர்த்தி எறிவது அன்ஹைசர்; வலப்பக்கம் வளைக்க உதவினாலும் தொடக்கத்தில் அதைக் கட்டுப்படுத்துவது கடினம். திறந்த களத்தில் வளைந்து செல்லப் போதிய இடம் இருப்பதால், ஹைசரை மட்டும் நம்பியே ஓர் ஆட்டம் முழுவதையும் நல்லமுறையில் முடிக்கலாம்.

காற்று

திறந்த களத்தின் உண்மையான பாடம் இதுதான். ஒவ்வொரு எறிதலுக்கும் முன் சில புல்லிதழ்களைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். கூடைக்கு அருகில் உள்ள மரத்தின் உச்சியையும் பாருங்கள், ஏனெனில் அங்கே காற்று வேறு திசையில் வீசலாம்.

எதிர்க்காற்றில் வட்டின் மீது பாயும் காற்றின் வேகம் கூடுவதால், அது உண்மையில் எறிந்ததைவிட வேகமாக எறிந்தது போல நடந்துகொள்ளும்: வலப்பக்கம் திரும்பும், மேலே எழும்பும், இறுதிச் சரிவு தாமதமாகும். பலமாக எறிந்து காற்றை வெல்ல முயல்வது இங்கே பொதுவான தவறு. அது திருப்பத்தை மேலும் கூட்டிவிடும். தாழ்வாக, சற்று ஹைசர் சாய்வோடு, வழக்கமான பலத்தில் எறியுங்கள். பின்காற்றில் இதற்கு நேர்மாறானது நிகழும்: தூக்குவிசை குறைந்து வட்டு விரைவில் தாழும், இடச்சரிவும் முன்னதாகவே தொடங்கும். அப்போது சற்று உயர்த்தி எறிந்தால் காற்று அதைச் சுமந்துபோகும்.

பக்கக்காற்றில் வட்டின் எந்தப் பரப்பு காற்றுக்கு முகம்கொடுக்கிறது என்பதே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. ஹைசரில் மேற்பரப்பு இடப்பக்கம் நோக்கியிருக்கும். இடமிருந்து வரும் காற்று அந்த மேற்பரப்பில் மோதி வட்டைத் தரையை நோக்கி அழுத்தும். வலமிருந்து வரும் காற்று அடிப்பரப்பில் புகுந்து அதைத் தூக்கி இடப்பக்கம் வெகுதூரம் தள்ளிக்கொண்டுபோகும். நீங்கள் சரியாக எறிந்தும் கூடையிலிருந்து இருபது மீட்டர் தள்ளி வட்டு விழுந்ததென்றால், பெரும்பாலும் இந்த இரண்டாவது காற்றே காரணமாக இருக்கும். அத்தகைய ஹோலில் வட்டைக் கூடியமட்டும் சமதளமாக வைத்து, வழக்கத்தை விட வலப்புறம் குறிவையுங்கள்.

அடுத்த எறிதலும் விதிகளும்

வட்டு விழுந்த இடத்தில் அதை அப்படியே விட்டோ, அதன் முன்விளிம்பை ஒட்டி ஒரு சிறு குறிவட்டை வைத்து எடுத்தோ, குறிக்குப் பின்னால் நின்று எறிய வேண்டும். அதிகாரபூர்வ விதிப்படி, குறிக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட பகுதியை வட்டு கையை விட்டு நீங்கும்போது ஒரு காலேனும் தொட்டிருக்க வேண்டும். குறியைத் தாண்டி எந்தக் காலும் கூடைப்பக்கம் தரையில் ஊன்றியிருக்கக் கூடாது. கூடையிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பவர் முதலில் எறிவார். அடுத்த ஹோலின் டீயில், முந்தைய ஹோலில் குறைந்த எண்ணிக்கை பெற்றவர் முதலில் எறிவார்.

எல்லைக்கு வெளியே என்று குறிக்கப்பட்ட பகுதியில் வட்டு முழுமையாக விழுந்துவிட்டால் ஓர் எறிதல் தண்டம். அது கடைசியாக எல்லையைக் கடந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் வரை உள்ளே வந்து தொடரலாம். காணாமல்போன வட்டைத் தேட மூன்று நிமிடங்கள் உண்டு. கிடைக்காவிட்டால் ஓர் எறிதல் தண்டத்தோடு முன்பு எறிந்த இடத்திற்கே திரும்ப வேண்டும். பூங்காவில் நண்பர்களோடு ஆடும்போது இவற்றைத் தளர்த்திக்கொள்வதில் தவறில்லை. எவற்றைத் தளர்த்துகிறோம் என்பதை முதல் டீயிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

கூடையருகே

இங்கேதான் எண்ணிக்கை உண்மையில் கூடுகிறது அல்லது குறைகிறது. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறிவது புட்டிங். இந்த வட்டத்திற்குள் எறிந்த பின், உடலின் சமநிலை முழுமையாக அடங்கும் வரை குறியைத் தாண்டி முன்னே அடியெடுத்து வைக்கக் கூடாது. ஒரு காலை முன்வைத்து, எடையைப் பின்னிருந்து முன்னுக்கு மாற்றியபடி, கையைக் கூடையை நோக்கி நேராக நீட்டி விடுங்கள். எறிந்து முடித்தபின் விரல்கள் சங்கிலியைச் சுட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூடை முழுவதையும் நோக்காமல், சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியைத் தேர்ந்து அதையே பாருங்கள். எதிர்க்காற்றில் வட்டு எழும்பிக் கூடையின் தலைக்கு மேலே போய்விடும், ஆகவே சற்றுத் தாழ்த்துங்கள். பின்காற்றில் சற்று உயர்த்துங்கள். சங்கிலியிலோ தட்டிலோ வட்டு தங்கினால்தான் ஹோல் முடிந்தது. கூடையின் மேல்மூடியில் போய் அமர்ந்தால் கணக்கில் சேராது.

8 மீட்டருக்கு அப்பால், குறிப்பாகக் கூடைக்குப் பின்னால் நிலம் சரிந்திருந்தாலோ பின்காற்று வீசினாலோ, கூடையில் போட முயலாமல் அதன் அடியில் மெல்ல விழும்படி எறிவதே என் பரிந்துரை. தவறிய வட்டு விளிம்பில் உருண்டு பதினைந்து மீட்டர் தள்ளிப் போய் நின்றால் ஓர் எறிதலோடு இழப்பு நிற்காது. 4 மீட்டருக்குள்ளோ எந்தத் தயக்கமும் வேண்டாம். அந்தத் தொலைவு கைக்கு உறுதிப்பட வேண்டுமானால், ஆட்டத்திற்கு முன்னோ பின்னோ முதலில் மூன்று மீட்டரிலிருந்து இருபது முறையும், அவற்றுள் பதினாறு விழுந்த பிறகே ஐந்து மீட்டரிலிருந்து இருபது முறையும் எறிந்து பழகுங்கள். புதியவர் ஒருவர் தம் எண்ணிக்கையைக் குறைக்க இதைவிடக் குறுகிய வழி எனக்குத் தெரியாது.

எண்ணிக்கையைக் குறித்தல்

இத்தகைய களங்களில் பெரும்பாலும் எல்லா ஹோல்களும் பார் 3, அதாவது நன்கு பழகியவர் மூன்று எறிதல்களில் முடிக்க வேண்டியவை. தொடக்கத்தில் அதை 4 என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; ஒன்பது ஹோல்களுக்கு 36. அதை எட்டிய பின் ஒவ்வொரு ஹோலாக 3-க்கு மாற்றலாம். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு குறிப்பும் எழுதுங்கள்: கூடுதல் எறிதல் டீயில் வீணானதா, நடுவில் வீணானதா, கூடையருகே வீணானதா என்று. மூன்று ஆட்டங்களின் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதைப் பயில வேண்டும் என்பதில் ஐயம் இருக்காது. டீயில் வீணாவதாகத் தெரிந்தால் முன்விளிம்பைக் கவனியுங்கள். நடுவில் என்றால் தொலைவுக் கணிப்பை. கூடையருகே என்றால், பூங்காவை விட்டுக் கிளம்புமுன் கடைசிக் கூடையின் அருகே, பின்னால் வேறு ஆட்டக்காரர்கள் யாரும் காத்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, மூன்று மீட்டரில் நின்று இன்னும் இருபது முறை எறியுங்கள்.